எடுத்தவர் பெயர் இருக்கிறது, ஆடியவர் பெயர் எங்கே?

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பாரதம் தொடங்கிவிடும். செய்யாறு சாலை, வந்தவாசி சாலை, உத்திரமேரூர்ப் பக்கம் என்று ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பத்து நாள், பதினெட்டு நாள் ஓடும். சில வருஷங்களாக அந்தக் களங்களில் ஒரு புதிய கூட்டத்தைப் பார்க்கிறேன். சென்னையிலிருந்து காரில் வருகிற இளைஞர்கள், கழுத்தில் ஒன்றரைக் கிலோ கேமரா, முதுகில் பை. பாயில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளை மிதிக்காமல் தாண்டி முன்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் கையிலும் போன் இருக்கிறது. மேடையில் ஒருவர் ஆடினால் எதிரே நாற்பது வெளிச்சச் சதுரங்கள்.

இவர்கள் வருவதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பார்க்க ஆள் வருவது நல்லதுதான். என் குறை வேறு. இவர்கள் எடுத்த படங்களைப் பிறகு கண்காட்சியிலும், பத்திரிகையிலும், போனிலும் பார்க்கிறேன். படத்தின் மூலையில் எடுத்தவர் பெயர் அழகான எழுத்தில் இருக்கிறது. ஆடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தெருக்கூத்துக் கலைஞர், காஞ்சிபுரம்' என்றிருக்கும். அதுவும் இல்லாவிட்டால் 'ஆக்ரோஷம்'. எல்லாவற்றுக்கும் மேலே 'அழியும் கலை'. பங்குனியிலிருந்து ஆடி வரை தாம்பூலம் வாங்கிய தேதிகளுக்கு நடுவே தூங்க ஒரு ராத்திரி கிடைக்காமல் அலைகிற ஜமாக்காரர்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசிப்பேன். ஒருவரிடம் கேட்டும் பார்த்தேன். "நாங்க அழிஞ்சிட்டம்னு போட்டா போட்டிலே பரிசு குடுப்பாங்க போலருக்கு சார்" என்றார்.

ஆகவே நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கூத்தைப் படம் எடுக்கிறவர், ஆடுகிறவரின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எடுத்த படத்தில் ஒரு பிரதியாவது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டையும் செய்ய முடியாதவர் எடுக்காமல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

முதலில் படம் எடுக்கும் விஷயத்தையே கொஞ்சம் பேசுகிறேன், அதில் எனக்குப் பழைய பித்து உண்டு. நாம் தெருக்கூத்து என்கிறோம். தொழிலாகச் செய்கிற பலர் கட்டைக்கூத்து என்ற பெயரையே விரும்புகிறார்கள். வேஷக்காரர் அணியும் கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் மரத்தில் செய்தவை. கல்யாண முருங்கை போன்ற கனம் குறைந்த மரத்தைச் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டியிருப்பார்கள். அவைதான் 'கட்டை'. அந்தக் கண்ணாடித் துண்டுகள் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? தீப்பந்த வெளிச்சத்திலும் எண்ணெய் விளக்கிலும் ஆடிய காலத்தில், ஆடுகிறவர் ஒரு சுற்றுச் சுற்றினால் நூறு மினுக்கல்கள் பின்வரிசை வரை போகும். குறைந்த வெளிச்சத்துக்காகவே செய்த அலங்காரம் அது. அதன் மேல் நேராக ஃப்ளாஷ் அடித்தால் கண்ணாடி அத்தனையும் வெள்ளைப் புள்ளியாகத் திரும்பி வரும். அரிதாரத்தின் சிவப்பு சுண்ணாம்பு அடித்தது போலாகும். முகத்தில் இருந்த நிழல்கள் போய்விடும். இந்த நஷ்டத்துக்காக ஒரு மனிதரின் கண்ணைக் கூசவைக்க வேண்டுமா?

கண் கூசுவது சின்ன விஷயம் இல்லை. கால் சலங்கை, தலையில் கட்டை, தோளில் கட்டை, பாவாடைக்கு உள்ளே அடுக்கடுக்காகச் சுற்றிய துணி, இத்தனையோடும் ஆடுகிறவர் கிறுகிறுவெனச் சுற்றி வந்து நிற்க வேண்டும். சுற்றும்போது ஒரு வெளிச்சத்தைக் கண்ணில் பிடித்துக்கொண்டுதான் சுற்றுவார். நடுவே ஃப்ளாஷ் அடித்தால் தடுமாறுவார். விழுந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். எழுந்து, பாட்டை விட்ட இடத்திலிருந்து பிடித்தார். கட்டியக்காரன் அதையும் சிரிப்பாக்கிவிட்டான். எடுத்த பையன் அடுத்த படத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தான்.

பந்தம் போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது, பிறகு குழல் விளக்கு, இப்போது எல்.ஈ.டி. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் முகம் செய்தி சொல்லும். எல்.ஈ.டி.யில் எல்லாம் தட்டையாக இருக்கும், போனில் எடுத்தால் குறுக்கே கறுப்புப் பட்டைகள் வேறு விழும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பட்டை பெரும்பாலும் போய்விடும். 1/50-இல் பாவாடை கொஞ்சம் கலங்கித் தெரியும். கலங்கட்டுமே! சுற்றுகிற பாவாடை சுற்றுவது போலத் தெரிந்தால் என்ன குறை? முகம் நிற்கிற நொடி ஒன்று ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வரும். தாளத்தைக் காதில் வாங்குகிறவனுக்கு அது எப்போது வரும் என்று தெரியும். நான் யாஷிகாவில் எடுத்த காலத்தில் ரோலுக்கு 12 படம். ஒரு ராத்திரிக்கு ஒரு ரோல். அதனால் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்போம்.

பிரெஞ்சில் படிக்கும்போது எங்களுக்கு ஒரு சொல் வரும், கிளிஷே. அச்சுத் தகட்டுக்கும் ஃபோட்டோ நெகட்டிவுக்கும் அதுதான் பெயர். எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சுக்கும் அதுவே பெயர். கண்ணை உருட்டி வாயைத் திறந்த துரியோதனன் முகம், திரையிலிருந்து வெட்டியெடுத்தது போல முகம் மட்டும். இந்தப் படத்தை எத்தனை பேர் எடுத்துப் பார்த்துவிட்டேன்! இரண்டு அர்த்தத்திலும் கிளிஷே.

ராத்திரி பத்து மணிக்கு மேல் களரி கட்டி, மிருதங்கமும் டோலக்கும் ஊரை எழுப்பி, கட்டியக்காரன் வந்து, இரண்டு பேர் திரை பிடிக்க, திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் முதலில் வரும். ஆளைக் காண்பதற்கு முன் குரலைக் கேட்கிற அந்த ஐந்து பத்து நிமிஷம் கூத்தின் பெரிய சுகம். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி ஆடும். கீழே சலங்கைக் கால் தெரியும். திரை பிடித்த இரண்டு பேர் முகத்தில் நாலு ராத்திரித் தூக்கம் தொங்கும். இதை யாரும் எடுப்பதில்லை. ஒரு மணிக்குக் கார் கிளம்பிவிடுகிறது. விடியற்காலை நாலரை மணிக்கு, கூட்டத்தில் பாதி பாயில் சுருண்டு கிடக்க, மீதிப் பாதிக்காக உச்சஸ்தாயியில் பாடுகிற மனிதரை யார் எடுக்கிறார்கள்? பின்பாட்டுப் பாடுகிறவர்களை? முகவீணைக்காரரை?

முகவீணைக்காரரைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அக்கம்பக்கத்தில் யாருக்காவது விண்ணப்பம் எழுத வேண்டுமானால் என்னிடம் வருவார்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு முகவீணைக்காரர் வந்தார். எழுபது தாண்டியவர். பல் போய்விட்டதால் வாசிப்பு நின்றுவிட்டது. பல் இல்லாமல் சீவாளியைப் பிடித்து ராத்திரி முழுக்க ஊத முடியாது. நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகைக்கு எழுதித் தரச் சொன்னார். வயதுச் சான்று இருந்தது, குடும்ப அட்டை இருந்தது. கலைஞர் என்பதற்குச் சான்று?

விழா நோட்டீஸ் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் வாத்தியார் பெயர் இருந்தது, ராஜ வேஷக்காரர்கள் பெயர் இருந்தது, ஒலிபெருக்கிக்காரர் பெயர்கூட இருந்தது. பக்கவாத்தியத்துக்கு ஒரு 'குழுவினர்'. சரி, படம் இருக்கிறதா என்றேன். "எம்மாம் பேரு எடுத்துனு போனாங்க சார். வெள்ளக்காரங்க எல்லாம் வந்து எடுத்தாங்க. ஒருத்தரும் குடுக்கல" என்றார்.

என் பேரனிடம் சொல்லி அந்த ஜமாவின் பெயரைப் போனில் தேடச் சொன்னேன். முப்பது நாற்பது படங்கள் வந்தன. நல்ல படங்கள், நல்ல கேமராவில் எடுத்தவை. துரியோதனன், துரியோதனன், மறுபடியும் துரியோதனன், ஒரு பீமன், இரண்டு கட்டியக்காரன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் பார்த்தார். ஒரு படத்தில், துரியோதனனின் புஜகீர்த்திக்குப் பின்னால், வெள்ளைச் சட்டை மடித்துவிட்ட ஒரு முழங்கையும் முகவீணையின் வாயும் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தன. "இது என் கைதான் சார்" என்றார். சந்தோஷமாகவே சொன்னார்.

முழங்கையை இணைப்பாக வைக்க முடியாது. வாத்தியாரிடம் ஒரு கடிதம், வேறு இரண்டு ஜமாக்காரர்களிடம் கடிதம், ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்து என்று சேர்த்து அனுப்பினோம். ஒரு முறை திரும்பி வந்தது, மறுபடி அனுப்பினோம். கடைசியில் கிடைத்தது. ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எழுபது தாண்டியவருக்கு ஒரு வருஷம் என்பது எவ்வளவு என்று இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது வருஷத்தில் அவர் எதிரே நின்று படம் எடுத்தவர்களில் ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை, முகவீணையைத் திருப்பிப் பார்த்து ஒரு படம் எடுத்துப் பின்னால் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுத்திருந்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். பழைய வழக்கம், விடாது. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின்படி புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். நிகழ்த்துகிறவருக்கென்று தனி உரிமை 1994-இல் கொண்டுவந்த திருத்தத்தில்தான் வருகிறது. நிகழ்த்துகிறவர் யார் யார் என்று ஒரு பட்டியலே உண்டு. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டிவரை இருக்கிறார்கள். 2012 திருத்தத்தில், இன்னார்தான் நிகழ்த்தினார் என்று தன் பெயர் சொல்லப்படுவதற்கும் அவருக்கு உரிமை தந்திருக்கிறார்கள். ஆனால் 'காட்சிப் பதிவு' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் அசையும் படங்களைப் பற்றியது. அசையாத புகைப்படம் அதற்குள் வராது. வீடியோ என்றால் முகவீணைக்காரர் பெயரைப் போட வேண்டும் என்று வாதாடலாம். ஃபோட்டோ என்றால் எடுத்தவர் மனசுதான்.

பிரான்சில் வேறு மாதிரி. அங்கே தன் உருவத்தின் மேல் தனக்குள்ள உரிமை என்று ஒரு கொள்கை உண்டு. அதன் ஆரம்பமாகச் சொல்லப்படுவதே ஒரு மேடைக் கலைஞரின் வழக்கு. ராஷேல் என்ற பெரிய நடிகை 1858 ஜனவரியில் காலமானார். மரணப் படுக்கையில் அவர் உருவத்தைக் குடும்பத்தார் தங்களுக்காகப் படம் எடுக்க வைத்தார்கள். அதைப் பார்த்து வரைந்த சித்திரம் ஒன்று வெளியே வந்துவிட்டது. ராஷேலின் சகோதரி வழக்குப் போட்டார். எவ்வளவு புகழ் பெற்றவராக இருந்தாலும் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் அந்த உருவத்தை வெளியிடக் கூடாது என்று பாரிஸ் நீதிமன்றம் அதே வருஷம் ஜூனில் தீர்ப்புச் சொன்னது. டகேர் தன் கேமராவை உலகுக்குக் காட்டி 20 வருஷம்கூட ஆகாத காலம் அது.

சம்மதம் என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கூத்தில் எடுக்கக் கூடாத நேரங்களும் உண்டு என்பது என் கருத்து. பகடை துகில் அன்றைக்குத் துச்சாதனன் திரௌபதியின் சேலையில் கை வைக்கும்போது கூத்து கூத்தாக இருக்காது. கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதன வேஷம் போட்டவரே கும்பிட்டு, பொறுத்துக்கொள் தாயே என்பார். அவருக்கே ஆவேசம் வந்து விழுந்து தாங்கிப் பிடிப்பதும் உண்டு. படுகளத்தன்று, மண்ணால் செய்த அந்தப் பெரிய துரியோதனன் தரையில் கிடக்க, சுற்றியிருக்கும் பெண்களுக்குச் சாமி வரும். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தை நெருங்கி எடுப்பதை நான் ஒப்ப மாட்டேன். வேஷக்காரர் மேடைக்கென்று தயாராகி வந்தவர், படத்துக்கு இடம் உண்டு. பாயிலிருந்து எழுந்து ஆடுகிற அம்மாள் எதற்கும் தயாராகி வந்தவர் இல்லை. மறுநாள் சுய நினைவோடு அவர் சரி என்றால் வெளியிடலாம். இல்லையென்றால் அழித்துவிடலாம். படுகளத்தைத் தூரத்திலிருந்து முழுசாக எடுங்கள். அந்தப் படம் வேண்டும்தான்.

வேஷம் கட்டுகிற கொட்டகைக்குள் போவதும் அப்படித்தான். கேட்டால் யாரும் வேண்டாம் என்பதில்லை. தகரப் பெட்டியைத் திறந்து, உள்ளங்கை அகலக் கண்ணாடியில் பார்த்துத் தானே அரிதாரம் பூசிக்கொள்ளும் அந்த இரண்டு மணி நேரம்தான் நல்ல படங்களின் சுரங்கம். "அண்ணே, உள்ளே வரலாமா, எடுக்கலாமா, உங்க பேர் என்ன?" மூன்று கேள்வி. மூன்றாவதைக் கேட்பவர்கள் குறைவு.

இதை நான் சொன்னபோது ஒரு இளைஞர் மறுத்தார், அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. "ஐயா, அவர் அங்கே துரியோதனன். பார்க்கிறவனுக்கும் துரியோதனன்தான் முக்கியம். பெயரைப் போட்டால் மாயம் கலைந்துவிடும். தவிர, படம் நல்லதாக இருந்தால் பெயர் இல்லாமலே நூறு வருஷம் நிற்கும்" என்றார். மாயத்தைப் பற்றி ஒரு வேஷக்காரரே என்னிடம் அப்படித்தான் சொன்னார்: "வேஷம் கட்டிட்டா எம் பேரு இல்ல சார்." ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலை ஆறு மணிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நிற்கிறவருக்குப் பெயர் இருக்கிறது. படம் கண்காட்சியில் தொங்குவதும் பரிசு வாங்குவதும் ஆறு மணிக்குப் பிறகுதான்.

நூறு வருஷம் நிற்பதைப் பற்றி ஒரு கதை. 1936-இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவில், டோரதியா லாங் என்ற பெண்மணி ஒரு கூலிக்காரத் தாயைப் படம் எடுத்தார். கன்னத்தில் கை, இரு பக்கமும் முகம் திருப்பிய குழந்தைகள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், அந்தப் பஞ்ச காலத்தின் முகமே அதுதான் என்பார்கள். எடுத்தவர் பெயரைக் கேட்கவில்லை. 1978-இல்தான் அந்தத் தாய் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது. படம் நின்றது உண்மைதான். 42 வருஷம் அவர் தன் முகத்தைப் பெயரில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார், அதிலிருந்து தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று மனம் நொந்தார்.

கூத்தில் பெயர் சொல்கிற வழக்கமே கிடையாது என்றும் சொல்ல முடியாது. யாராவது மொய் கொடுத்தால் ஆட்டத்தை நிறுத்தி, இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார், இவ்வளவு ரூபாய் அன்பளிப்பு என்று கட்டியக்காரன் மைக்கில் முழங்குவான். கர்ணன் உயிர் போகிற கட்டத்தில்கூட நிறுத்துவான். ஐம்பது ரூபாய் கொடுத்தவர் பெயர் நாலு ஊருக்குக் கேட்கும். (நம் ஊர்ப் பட்டுக்கும் இதே கதைதான். காஞ்சிப் பட்டு என்று புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. கடை பெயர் பையில் பளபளக்கிறது. நெய்தவர் பெயரை எந்த முந்தானையிலும் பார்த்ததில்லை. அது வேறு கட்டுரை.)

பெயர் எழுதுவது நடக்காத காரியம், ஆயிரம் படத்துக்கு யார் எழுதுவது என்கிறவர்களுக்கு, என் தொழிலில் எனக்கு ஆயிரம் வருஷம் மூத்த ஒருவரைக் காட்டுகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்றுண்டு. கோயில் பணிக்கென்று சோழநாட்டுக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் விவரம். ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், இப்போது எந்தத் தெருவில் எந்த வரிசையில் எத்தனையாவது வீடு, எல்லாம் கல்லில் இருக்கிறது. ஒருத்திக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். அதற்குப் பின்னால் ஆடலாசான்கள், பாடுவார், வாத்தியக்காரர்கள் என்று பட்டியல் நீள்கிறது. அந்தக் கணக்கை எழுதிய எழுத்தருக்கு 'குழுவினர்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளத் தோன்றவில்லை. கல்லில் உளி வைத்து 400 பெயர் எழுத முடிந்தது. போனில் விரலால் பத்துப் பெயர் எழுத முடியாதா?

செய்கிறவர்கள் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ருயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம் 2002 முதல் 2020 வரை பிள்ளைகளுக்குப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தது. ஆண்களே பெண் வேஷமும் கட்டிய கலையில் பெண் பிள்ளைகள் ராஜ வேஷம் கட்டி ஆடியது அங்கே. பாரிஸில் ஆரியான் நூஷ்கினின் 'தெயாத்ர் து சொலேய்' குழு 2016-இல் இந்தியாவைப் பற்றிப் போட்ட நாடகத்தில் கூத்துக் காட்சிகள் வந்தன. அந்த நடிகர்களுக்குக் கூத்துக் கற்றுக்கொடுத்தவர் நம் புரிசை கண்ணப்ப சம்பந்தன். யாரிடம் கற்றோம் என்று பெயர் சொல்லியே ஆடினார்கள். அவ்வளவு தூரத்தில் சொல்ல முடிந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

படம் எடுக்கிற பிள்ளைகள் இதைப் படிப்பார்களோ என்னவோ. என் வலைப்பூவைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: ஆறுக்கு நாலு அளவில் ஒரு பிரதி போட ஒரு டீ, ஒரு பன் காசு ஆகும். ஜமா எங்கே அடுத்த ஆட்டம் என்று வாத்தியாரைக் கேட்டால் ஆடி வரைக்கும் தேதி சொல்வார். அங்கே போய்க் கொடுத்துவிட்டு வரலாம். ஆளை எடுத்தது போல வாத்தியத்தையும் அதை வாசிக்கிறவர் முகத்தோடு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பினேன் என்று விடக் கூடாது. பெரியவர்கள் பலரிடம் பட்டன் போன்தான்.

உங்களுக்கும் வேலை உண்டு. பீரோவில், கல்யாண ஆல்பத்துக்கு அடியில், ஊர் பாரதத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றிரண்டு நிச்சயம் கிடக்கும். எடுத்துப் பாருங்கள். யார் என்று இன்றைக்கு உங்களுக்குத் தெரியும், உங்களோடு சேர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்படி நாலு பேரைக் கூட்டி உட்காரவைத்துக் கேட்டு, வேஷம், ஆடியவர் பெயர், ஊர், வருஷம், ஓரத்தில் வாத்தியக்காரர் தெரிந்தால் அவர் பெயர், அத்தனையும் பின்பக்கம் எழுதுங்கள். பழைய தாள் என்றால் மிருதுவான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழும். பின்பக்கம் வழுவழுவென்று இருக்கும் பிற்காலத்துக் கலர்ப் படத்தில் பென்சில் பிடிக்காது, ஒரு துண்டுத் தாளில் எழுதி அதே உறைக்குள் போட்டு வையுங்கள். அவர் பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.